மருந்து ஆய்வில் குழந்தைக்கு மூச்சில் இழுப்பு வந்ததென்று தாய் சொன்னால் போதுமா?

பதியப் போதும், எண்ணிக்கையில் சேர்க்கப் போதாது. கேட்டவர், தாம் சொன்னதை எவரும் எழுதிக்கொள்ளாத ஒரு பெற்றோராக இருப்பார் என்று நினைக்கிறேன். நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் சிறுவர் விடுதியில் நெடுங்காலம் தாதியாக இருந்தவள். ஆய்வு நடத்தியவள் அல்ல. ஆயினும் இந்த ஒலியை நள்ளிரவில் கேட்டவர்களுக்கும் இதில் ஒரு சொல் இருக்கிறது.

மூக்கடைப்பின் குறுகுறுப்பு, தொண்டையில் சளி கரகரப்பது, மூச்சை உள்ளிழுக்கையில் குரல்வளையில் எழும் கரட்டொலி எல்லாமே வீட்டில் இழுப்புத்தான். மருத்துவர் தேடுவதோ, சிறு மூச்சுக்குழாய்கள் ஒடுங்குவதால் பெரும்பாலும் மூச்சு வெளியேறும்போது கேட்கும் விசிலை. அதனால்தான் ஆய்வைத் தொடங்குமுன்பே வரையறையை எழுதி வைக்கிறார்கள். மூக்கில் தெளிக்கும் உயிருள்ள இன்புளுவென்சா தடுப்புமருந்தை ஊசிமருந்துடன் ஒப்பிட்டு, 2004-05 பருவத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், மருத்துவப் பணியாளர் பரிசோதித்துக் கேட்ட இழுப்புடன், மூச்சுத்திணறலின் அறிகுறியோ, இரத்தத்தில் ஒட்சிசன் குறைவோ, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைப் புதிதாக எழுதிக்கொடுத்ததோ இருந்தால்தான் அது கணக்கில் சேர்ந்தது. 6 முதல் 23 மாதப் பிள்ளைகளில் தெளிப்பு மருந்து பெற்றவர்களில் 5.9 சதவீதத்தினருக்கும் ஊசி பெற்றவர்களில் 3.8 சதவீதத்தினருக்கும் அவ்வாறு வந்தது. அமெரிக்காவில் இன்றும் இரண்டு வயதுக்குக் கீழ் அந்தத் தெளிப்புக்கு அனுமதி இல்லை. ஊசி பெற்றவர்களிடமும் வந்த அந்த 3.8 ஐக் கவனியுங்கள். மார்கழி மழைச் சளியும், பங்குனியில் சூடடிக்கும் தூசியும் உள்ள எங்கள் ஊர்களில், ஒப்பிட இன்னொரு குழு இல்லாவிட்டால் எந்த மருந்தின் மீதும் பழி போடலாம்.

ஆனால் பரிசோதனை என்பது அந்த நேரத்துக்கு மட்டுமே உண்மை. படுவான்கரையிலிருந்து காலை பஸ்ஸில் ஒரு தாய் கைக்குழந்தையுடன் வந்தார். வைத்தியர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, இழுப்பு இல்லை என்று எழுதினார். "இப்ப இல்ல மிஸ், ராவுலதான்" என்று அந்தத் தாய் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். டோர்ச் வெளிச்சத்தில் சட்டையை உயர்த்திப் பிடித்து எடுத்த காணொளி அது: ஒவ்வொரு மூச்சுக்கும் கீழ் விலா உள்ளே குழிந்தது, மூச்சை விடும்போது மெல்லிய விசில் தெளிவாகக் கேட்டது. அதை வைத்தியரிடம் காட்டினேன். அவர் பார்த்தார், கொப்பியில் மட்டும் ஒரு வரியும் ஏறவில்லை. வைத்தியர்களைக் குறை சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொள்ளக்கூடும். நூறு பேர் வரிசையில் நிற்கும் காலையில் அவர் கேட்டதைத்தான் எழுத முடியும். கேட்டவர் யார், எந்நேரம் என்பதற்குக் கொப்பியில் இடமில்லாததே என் மனக்குறை.

தனியார் கிளினிக்குகளில் மருந்தின் பெயரே எழுதாமல் போத்தலில் பாணி ஊற்றிக் கொடுப்பது இன்னொரு தொல்லை. அது மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தா, வெறும் இருமல் பாணியா என்று பின்னர் யாராலும் சொல்ல முடியாது. மேற்சொன்ன வரையறையின் ஒரு கால் அங்கேயே முறிந்துவிடுகிறது.

உங்கள் பிள்ளை ஆய்வில் இருந்தால், அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 முதல் 11 மாதம் வரை 50, 12 மாதம் முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் வந்தால், உலக சுகாதார நிறுவனக் கணக்கில் அது வேகமான மூச்சு. நெஞ்சு தெரியக் காணொளி எடுங்கள். ஆய்வுக் குழுவிடம் கொடுத்து, பெற்றோர் கண்டது என்ற பெயரிலேயே, நேரத்துடன் பதியச் சொல்லுங்கள். விலா குழிந்தால் பதிவு பிறகு, முதலில் வைத்தியசாலை.