"ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க"ன்னு மெசேஜ் போடறவங்களுக்கு: வேலை தேடல் கேள்வி-பதில்

இந்த தடவை லெட்டர் நிறைய சேர்ந்துடுச்சு, ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் ஒண்ணா சேர்த்து பதில் எழுதியிருக்கேன். எந்த துறை, எத்தனை வருஷ அனுபவம், இப்ப என்ன பண்றீங்கன்னு எதுவுமே சொல்லாம "எனக்கு நல்ல வேலை கிடைக்குமா மேடம்"னு மட்டும் கேட்டிருந்த பத்து பன்னெண்டு பேருக்கு என்னால ஒண்ணும் சொல்ல முடியல. அந்த மூணு விவரத்தையும் சேர்த்து மறுபடி அனுப்புங்க.

கேள்வி: மூணு மாசத்துல 300 இடத்துக்கு அப்ளை பண்ணிட்டேன், இன்டர்வியூவுக்கு கூப்பிட்டது 4 பேர்தான். என் ரெஸ்யூம்ல என்ன தப்பு?

பதில்: ரெஸ்யூமையே அனுப்பாம அதுல என்ன தப்புன்னு கேட்டா எப்படிங்க சொல்றது? ஆனா கணக்கை பார்த்தாலே ஒண்ணு புரியுது. மூணு மாசத்துக்கு 300ன்னா லீவு நாள் உட்பட தினம் மூணு நாலு, அந்த வேகத்துல போனவங்க ஜேடியை (என்ன வேலை, என்ன தகுதின்னு கம்பெனி போடற குறிப்பை) முழுசா படிச்சிருக்க மாட்டாங்க, அந்த கம்பெனி என்ன பண்ணுதுன்னும் பார்த்திருக்க மாட்டாங்க. அப்ளை பட்டனை அமுக்கறது உங்களுக்கு சுலபம்னா எல்லாருக்கும் சுலபம், அதனாலதான் ஒரு வேலைக்கு நூத்துக்கணக்குல வந்து குவியுது. ரெக்ரூட்டர் வரிசையா பார்த்துட்டே வருவாங்க, ஷார்ட்லிஸ்டுக்கு வேண்டிய ஆளுங்க கிடைச்சதும் நிறுத்திடுவாங்க, மிச்சம் இருக்கறது திறக்காமயே கிடக்கும். ஏடிஎஸ்னு சொல்ற, வர்ற அப்ளிகேஷனை எல்லாம் வாங்கி வரிசைப்படுத்தற சாஃப்ட்வேர்தான் என்னை தூக்கிடுச்சுன்னு நிறைய பேர் நம்பறாங்க. அது தானா தூக்கறது பெரும்பாலும் ஃபார்ம்ல வர்ற "இத்தனை வருஷ அனுபவம் இருக்கா, இந்த நாட்டுல வேலை பார்க்க அனுமதி இருக்கா" மாதிரி கேள்விக்கு இல்லைன்னு டிக் அடிச்சவங்களைத்தான். மத்தவங்களோடது யார் கண்ணுலயும் படாம போறதுதான் அதிகம்.

300ஐ விட்டுட்டு 20 இடம் எழுதுங்க, விளம்பரம் வந்திருக்கணும்னு இல்ல, நீங்க வேலை பார்க்க ஆசைப்படற இடமா இருந்தா போதும். ஒரு ஷீட் போட்டு கம்பெனி பேரு, போக நினைக்கற டீம், அங்க யாரை தெரியும், இல்ல யார் மூலமா தெரிஞ்சுக்கலாம், என்னிக்கு பேசினேன், அவங்க என்ன சொன்னாங்க, அடுத்து என்னிக்கு பேசணும்னு எழுதிட்டே வாங்க. அந்த கடைசி தேதியை மட்டும் காலியா விடாதீங்க, பாதி பேர் தேடல் நின்னு போறதே அங்கதான்.

கேள்வி: நெட்வொர்க்கிங்னாலே காக்கா பிடிக்கற மாதிரி கூச்சமா இருக்கு. அதோட எனக்கு நெருக்கமான ஃப்ரெண்ட்ஸ் அஞ்சாறு பேர்தான், யாருக்கும் என் துறை பத்தி தெரியாது.

பதில்: நெருக்கமானவங்க மூலமா கிடைக்காததுதான் சகஜம், அதுக்கு வருத்தப்படாதீங்க. மார்க் கிரானவெட்டர்னு ஒரு சமூகவியல் ஆய்வாளர், 1970 வாக்குல அமெரிக்காவுல பாஸ்டன் பக்கத்து ஊர் ஒண்ணுல, புதுசா வேலை மாறினவங்களை தேடிப்போய் யார் மூலமா கிடைச்சதுன்னு கேட்டார். தெரிஞ்சவங்க மூலமா கிடைச்சவங்கள்ல, அந்த ஆளை அடிக்கடி பார்க்கறேன்னு சொன்னவங்க 100க்கு 17 பேர்தான். எப்பவாவது பார்ப்பேன்னவங்க 56, வருஷத்துக்கு ஒரு தடவையோ அதுக்கும் கம்மியாவோ பார்ப்பேன்னவங்க 28 (ரவுண்டா சொல்றேன்). காரணம் ரொம்ப எளிமையானது, தினம் பேசறவங்களுக்கு தெரிஞ்ச சேதி எல்லாம் உங்களுக்கும் ஏற்கெனவே தெரியும், புது சேதி வேற வட்டத்துல இருக்கறவங்ககிட்டதான் இருக்கும். லிங்க்ட்இன்ல சுமார் 2 கோடி பேரை வச்சு பண்ணி 2022ல வெளிவந்த ஆய்வுலயும் கிட்டத்தட்ட இதேதான் வந்துச்சு, முன்ன பின்ன தெரியாதவங்களும் இல்லாம, உயிர்த்தோழரும் இல்லாம, நடுவாந்தரமா பழக்கம் உள்ளவங்கதான் வேலை மாறறதுக்கு அதிகமா உதவியிருக்காங்க.

அதனால பழைய மேனேஜர், முன்னாடி ஆபீஸ்ல பக்கத்து டீம்ல இருந்தவர், டிரெயினிங்ல பக்கத்துல உக்காந்தவர், பாடம் எடுத்தவங்க, நீங்க வேலை பார்த்து கொடுத்த கிளையன்ட், இவங்க பேரை எழுதுங்க. உக்காந்து எழுதினா 40 பேராவது வருவாங்க. கூச்சத்துக்கு ஒரு வழி, வேலை கேக்காதீங்க, வேலையை பத்தி கேளுங்க. தன் தொழிலை பத்தி மதிச்சு கேட்டா பேச மாட்டேன்னு சொல்றவங்க ரொம்ப கம்மி, அதுல காக்கா பிடிக்க ஒண்ணும் இல்ல.

கேள்வி: ரெஃபரல் கேட்டு 40 பேருக்கு மெசேஜ் போட்டேன், ஒருத்தர்கூட பதில் போடல. மனுஷங்க இவ்வளவுதானா மேடம்? நான் அனுப்பின மெசேஜ் கீழ இருக்கு: "வணக்கம் சார்/மேடம், நான் வேலை தேடிட்டு இருக்கேன், ரெஸ்யூம் இணைச்சிருக்கேன், உங்க கம்பெனில ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க."

பதில்: தம்பி, மனுஷங்க மேல கோவப்படறதுக்கு முன்னாடி உங்க மெசேஜை அவங்க இடத்துல இருந்து படிச்சு பாருங்க. "சார்/மேடம்"னு ரெண்டையும் விட்டு வச்சிருக்கீங்க, அதுலயே இது எல்லாருக்கும் போன மெசேஜ்னு தெரிஞ்சுடுது. "ஏதாவது வேலை"ன்னா என்ன அர்த்தம்? அவர் உங்க ரெஸ்யூமை திறந்து படிச்சு, நீங்க எதுக்கு சரியா வருவீங்கன்னு யோசிச்சு, தன் கம்பெனி லிஸ்ட்ல அந்த மாதிரி இடம் இருக்கான்னு தேடி, அப்புறம் உங்களுக்கு எழுதணும். நீங்க பார்க்க வேண்டிய அரைமணி நேர வேலையை முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் தலையில வச்சுட்டு பதில் இல்லைன்னு வருத்தப்படறீங்க. நான் 20 வருஷத்துக்கு மேல ஆள் எடுக்கற வேலையில இருந்தவ, இந்த மாதிரி மெசேஜ் ஆயிரக்கணக்குல பார்த்திருக்கேன், முதல்ல எல்லாத்துக்கும் பதில் போட்டேன், அப்புறம் முடியல.

இப்படி எழுதி பாருங்க: "வணக்கம். நீங்க போன மாசம் குடோன் ஸ்டாக் கணக்கை புது முறைக்கு மாத்தினதை பத்தி எழுதியிருந்ததை படிச்சேன். நான் நாலு வருஷமா இன்வென்டரி பார்க்கறேன், எங்க இடத்துலயும் அதே மாத்தம் நடந்துச்சு, ரிட்டர்ன் சரக்கை கணக்குல ஏத்தற இடத்துலதான் ரொம்ப திணறினோம். உங்க டீம் அதை எப்படி சமாளிச்சாங்கன்னு தெரிஞ்சுக்க ஆசை. அடுத்த வாரம் உங்களுக்கு வசதியான நேரத்துல 15 நிமிஷம் பேசலாமா? முடியலன்னாலும் பரவாயில்ல." இதுல ரெஸ்யூம் இல்ல, வேலைங்கற வார்த்தையும் உதவி கேக்கற இடத்துல இல்ல. ஆனா படிக்கறவருக்கு உங்களுக்கு என்ன தெரியும்னு தெரிஞ்சுடுது, என்ன பதில் சொல்லணும்னும் தெரியுது. 40 பேருக்கு ஒரே மெசேஜ் போட்ட நேரத்துல இப்படி 5 பேருக்கு போடலாம். ஒரு வாரம் பொறுத்து பதில் வரலன்னா ஒரே ஒரு ஃபாலோ அப், அதுக்கப்புறம் விட்டுடுங்க.

இதோட சேர்ந்த இன்னொரு விஷயம் ரொம்ப நாளா மனசுல உறுத்திட்டே இருக்கு, அதையும் எழுதிடறேன். ரெஃபரல்னா ஒருத்தர் தன் பேரை உங்களுக்கு கடன் கொடுக்கறார். கடன் வாங்கினவங்க அதை என்ன பண்ணாங்கன்னு திரும்ப சொல்றதே இல்ல. சில வருஷம் முன்னாடி ஒரு பையன் நல்லா பேசினான், கெட்டிக்காரன், என்கூட முன்னாடி வேலை பார்த்த ஒருத்தர்கிட்ட நானே போன் பண்ணி சொன்னேன், "நான் சொல்றேன், இவனை பாரு"ன்னு. இன்டர்வியூ நடந்துச்சு, ஆஃபர் கொடுத்தாங்க, ஜாயினிங் தேதியும் குறிச்சாச்சு. அன்னிக்கு காலையில இவனுக்காக சிஸ்டம் எல்லாம் ரெடி பண்ணி வச்சிட்டு உக்காந்திருக்காங்க, இவன் வரல. போனை எடுக்கல, மெயிலுக்கு பதில் இல்ல. வேற இடத்துல கூடுதலா கொடுத்ததால அங்க சேர்ந்துட்டான்னு எனக்கு ரெண்டு மாசம் கழிச்சு வேற ஒருத்தர் சொல்லித்தான் தெரியும். வேற இடம் போனது தப்பே இல்ல, யாரா இருந்தாலும் போவாங்க. ஒரு வரி, "வேற ஆஃபர் எடுத்துக்கறேன், மன்னிச்சுக்கோங்க"ன்னு எனக்கும் அவங்களுக்கும் எழுதியிருந்தா முடிஞ்சது. அதுக்கப்புறம் நான் அந்த நண்பர்கிட்ட வேற ஒரு பொண்ணுக்காக பேசினப்ப அவர் மரியாதையா "பார்க்கறேன்"னு சொன்னார், பார்க்கல. அந்த பொண்ணு என்ன பாவம் பண்ணா? அவளுக்கு நியாயமா திறந்திருக்க வேண்டிய கதவை இவன் சாத்திட்டு போயிட்டான், அது அவனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அதனால யாராவது உங்களுக்காக ஒரு போன் பண்ணா, ஒரு பேரு கொடுத்தா, என்ன ஆச்சுன்னு அவங்களுக்கு சொல்லுங்க. கிடைச்சாலும் சொல்லுங்க, கிடைக்கலன்னாலும் சொல்லுங்க, நீங்களே வேணாம்னாலும் சொல்லுங்க. இதை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன்னு கணக்கே இல்ல, இனிமேலும் எழுதுவேன்.

கேள்வி: என் துறையில சீனியரா இருக்கற ஒருத்தர் 20 நிமிஷம் பேச ஒத்துக்கிட்டார். என்ன கேக்கணும்?

பதில்: போன வாரம் முழுக்க அவர் நேரம் எதுல போச்சுன்னு கேளுங்க. இந்த வேலையில வெளிய தெரியாத கஷ்டம் எது, புதுசா வந்து ஒரு வருஷத்துக்குள்ள போனவங்க ஏன் போனாங்க, இன்னிக்கு அவர் ஆள் எடுத்தா முதல்ல எதை பார்ப்பார்னு கேளுங்க. கடைசியா, வேற யார்கிட்ட நான் பேசினா நல்லதுன்னு கேளுங்க, இந்த கேள்வியை மறந்துட்டா பாதி பலன் போச்சு. வெப்சைட்ல இருக்கறதை கேக்காதீங்க. 20 நிமிஷம் ஆனதும் நீங்களே முடிங்க. அன்னிக்கு ராத்திரிக்குள்ள நன்றி எழுதுங்க, அவர் சொன்னதுல எதை செய்யப்போறீங்கன்னும் எழுதுங்க.

கேள்வி: 80 சதவீத வேலை விளம்பரத்துக்கே வராதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

பதில்: அந்த நம்பருக்கு ஆதாரம் யாரும் எனக்கு காட்டினது இல்ல, ஆனாலும் எல்லாரும் சொல்லிட்டே இருக்காங்க. நான் கண்ணால பார்த்தது இதுதான்: ஒருத்தர் ராஜினாமா கொடுத்ததும் மேனேஜர் முதல்ல தன் டீம்ல "தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா"ன்னு கேப்பார், அப்புறம் அப்ரூவலுக்கு போகும், அப்புறம்தான் எச்ஆர் ஜேடி எழுதி வெளிய போடுவாங்க, நடுவுல பல வாரம் ஓடிடும். அந்த இடைவெளியில உங்க பேரு அந்த டீம்ல ஒருத்தருக்காவது ஞாபகம் வரணும். வேலை போனப்புறம் ஆளை தேடறது தாகம் எடுத்தப்புறம் கிணறு வெட்டற கதை.

கேள்வி: சம்பளம் பரவாயில்ல, ஆபீஸும் நல்ல ஆபீஸ்தான், ஆனா திருப்தியே இல்ல. துறையையே மாத்திடலாமா?

பதில்: அவசரப்படாதீங்க. எது குறையுதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. ஹாக்மன், ஓல்ட்ஹம்னு ரெண்டு பேர் 1970கள்ல ஒரு வேலை ஏன் பிடிக்குதுன்னு ஆராய்ஞ்சு அஞ்சு விஷயம் சொன்னாங்க: பலவிதமான திறமைக்கு வேலை இருக்கா, ஒரு காரியத்தை ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் நீங்க பண்றீங்களா, அது யாருக்காவது முக்கியமா, எப்படி பண்றதுன்னு நீங்களே முடிவெடுக்க முடியுதா, நல்லா பண்ணீங்களா இல்லையான்னு தெரியவருதா. ரெண்டு வாரம் தினமும் சாயங்காலம் நாலு வரி எழுதி வைங்க, எந்த நேரம் மனசு ஒட்டுச்சு, எந்த நேரம் கடிகாரத்தை பார்த்தீங்கன்னு. என்கிட்ட துறை மாறணும்னு வந்தவங்கள்ல பல பேருக்கு குறையா இருந்தது இதுல நாலாவதுதான், சொந்தமா முடிவெடுக்க விடாத ஒரு மேனேஜர். அதுக்கு துறையை மாத்த வேண்டாம், டீமை மாத்தினாலே போதும். எழுதி பார்த்தும் வேலையே ஒட்டலன்னா, போக நினைக்கற துறையில மூணு பேர்கிட்ட மேல சொன்ன மாதிரி பேசிட்டு முடிவு பண்ணுங்க. அங்க இருக்கற கஷ்டம் இங்க இருந்து பார்த்தா தெரியாது.

கேள்வி: வேலை வாங்கி தர்றோம், முதல்ல டெபாசிட் கட்டுங்கன்னு ஒரு ஏஜென்சி சொல்லுது. கட்டலாமா?

பதில்: கட்டாதீங்க. டெபாசிட், டிரெயினிங் கட்டணம், டாக்குமென்ட் செலவுன்னு என்ன பேரு வச்சாலும் கட்டாதீங்க. சர்வதேச தொழிலாளர் அமைப்போட 1997 ஒப்பந்தம் 181லயே, தனியார் ஏஜென்சிங்க வேலை தேடறவங்ககிட்ட கட்டணம் வாங்கக்கூடாதுங்கறதுதான் பொது விதி. ஒழுங்கான ஏஜென்சிக்கு பணம் கொடுக்கறது ஆள் எடுக்கற கம்பெனி.

கேள்வி: வேலையை விட்டுட்டு முழு நேரமா தேடினா சீக்கிரம் கிடைக்குமா?

பதில்: உடம்புக்கோ மனசுக்கோ தாங்க முடியாத நிலைமை இல்லன்னா வேணாம். ஆஃபர் லெட்டர் எழுத்துல கைக்கு வர்ற வரைக்கும் ராஜினாமா கொடுக்காதீங்க, வாய் வார்த்தையா "கன்ஃபர்ம்"னு சொன்னாலும் சரி.

கேள்வி: இப்ப இருக்கற ஆபீஸுக்கு தெரியாம தேடணும். லிங்க்ட்இன்ல வேலைக்கு தயார்னு போடலாமா?

பதில்: எல்லாருக்கும் தெரியற பச்சை வளையம் போடாதீங்க. ரெக்ரூட்டருங்களுக்கு மட்டும் காட்டுன்னு இருக்கறதை வைக்கலாம், ஆனா உங்க கம்பெனிக்கு தெரியவே தெரியாதுன்னு லிங்க்ட்இன்னே உத்தரவாதம் தர்றதில்ல. ஆபீஸ் லேப்டாப்ல ரெஸ்யூமை திறக்காதீங்க, ஆபீஸ் மெயில்ல இருந்து ஒண்ணும் அனுப்பாதீங்க. ரெஃபரென்ஸ் கேட்டா, ஆஃபர் வந்தப்புறம் இப்ப இருக்கற மேனேஜர் நம்பர் தர்றேன்னு தெளிவா சொல்லுங்க, புரிஞ்சுப்பாங்க.

கேள்வி: குழந்தைக்காக 6 வருஷம் வீட்ல இருந்துட்டேன். அதுக்கு முன்னாடி 5 வருஷம் பேரோல் பார்த்தேன். திரும்ப வரணும்னு ஆசை, ஆனா இப்ப என்னை யாருக்கு ஞாபகம் இருக்கும்? பழைய மேனேஜர் நம்பர் இருக்கு, நாலு மாசமா மெசேஜ் டைப் பண்ணி டைப் பண்ணி அழிச்சுட்டு இருக்கேன்.

பதில்: தங்கச்சி, மூணு விவரமும் சரியா எழுதியிருக்கீங்க, அதுக்கே முதல்ல நன்றி. அஞ்சு வருஷம் மாசம் தவறாம சம்பளம் போட்டவங்களை மறக்க மாட்டாங்க, தப்பில்லாம போட்டிருந்தா நிச்சயமா மறக்க மாட்டாங்க. இன்னொண்ணு யோசிச்சு பாருங்க, உங்ககூட ஜூனியரா இருந்தவங்க இந்த ஆறு வருஷத்துல ஆள் எடுக்கற இடத்துக்கு வந்திருப்பாங்க, வேற வேற கம்பெனிக்கு போயிருப்பாங்க, நீங்க சும்மா இருந்த நேரத்துலயே உங்க வட்டம் பெருசாயிருக்கு. ரெஸ்யூம்ல இடைவெளியை ஒளிக்காதீங்க, "குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி"ன்னு வருஷத்தோட ஒரு வரி, மன்னிப்பு கேக்கற தொனி வேணாம். உங்க துறையில இந்த ஆறு வருஷத்துல வரி விதியும் சாஃப்ட்வேரும் மாறியிருக்கும், அதை மட்டும் ஒரு மாசம் உக்காந்து படிச்சிடுங்க.

மெசேஜை நீட்டாதீங்க, நீட்டினாத்தான் அழிக்க தோணும். "சார், நல்லா இருக்கீங்களா? ஆறு வருஷம் கழிச்சு பேரோலுக்கு திரும்ப வரலாம்னு இருக்கேன். இந்த வேலை இப்ப எவ்வளவு மாறியிருக்குன்னு உங்ககிட்ட 15 நிமிஷம் கேட்டுக்கலாமா?" அவ்வளவுதான். இதை படிச்சு முடிச்ச கையோட அனுப்பிடுங்க. அவர் என்ன சொன்னார்னு எனக்கும் ஒரு வரி எழுதுங்க.