கிரேக்கத் தத்துவம்: எங்கே தொடங்குவது, எதை நம்புவது

கேள்வி: கிரேக்கத் தத்துவத்தை முறையாகப் படிக்க ஆசை. தேலீஸில் தொடங்கி வரிசையாகப் போகலாமா?

பதில்: கால வரிசையில் போனால் பாதியிலேயே சோர்ந்துவிடுவீர்கள். தேலீஸ், ஹெராக்ளிட்டஸ், பார்மெனிடிஸ் போன்ற முன்னோடிகளின் ஒரு நூலும் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பவை பிற்காலத்தார் எடுத்தாண்ட துண்டுகள்தான். ஆகவே முழு நூலில் தொடங்குங்கள். பிளேட்டோவின் 'யூதிஃப்ரோ', 'அப்பாலஜி', 'கிரிட்டோ' மூன்றும் சிறியவை, கி.மு. 399-இல் சாக்ரடீஸ் மீது நடந்த வழக்கை ஒட்டியவை. அடுத்து 'மேனோ', 'பீடோ'. 'குடியரசு' அதற்குப் பிறகு.

'குடியரசை' முதல் பாகத்தோடு மூடி வைத்துவிடுவோர் பலர். வலியவனுக்கு நன்மையே நீதி என்று சொல்லும் திராசிமாக்கஸோடு சாக்ரடீஸ் நடத்தும் வாதம் ஓய்ந்ததும் விஷயம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் நூலையே நகர்த்தும் கேள்வியை இரண்டாம் பாகத்தில் கிளாக்கன் என்ற மற்றொரு பாத்திரம்தான் எழுப்புகிறார்: அணிந்தவனை யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைக்கவல்ல மோதிரம் ஒருவனிடம் இருந்தால், அவன் எதற்காக நேர்மையாக இருக்க வேண்டும்? அந்தப் பகுதிவரை எப்படியாவது வந்துவிடுங்கள்.

கேள்வி: "எல்லாம் நீரிலிருந்து வந்தது" என்று தேலீஸ் எந்த நூலில் எழுதினார்?

பதில்: அவர் எழுதியதாக எதுவும் நம் கையில் இல்லை. செய்தி அரிஸ்டாட்டிலின் 'மெட்டாபிசிக்ஸ்' முதல் பாகத்திலிருந்து வருகிறது. தேலீஸுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் பிற்பட்டவர் அவர். உணவும் விதைகளும் ஈரமாக இருப்பதைக் கண்டு தேலீஸ் இந்த முடிவுக்கு வந்திருக்கலாம் என்கிறார். 'ஒருவேளை' என்று சொல்லித்தான் சொல்கிறார். பாடநூல்கள் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, காரணத்தையும் தேலீஸின் தலையில் கட்டிவிடுகின்றன.

அரிஸ்டாட்டிலுக்கு ஒரு நோக்கம் இருந்தது என்பதையும் மறக்காதீர்கள். தான் வகுத்த நான்கு காரணங்களில் (பொருள், வடிவம், இயக்குவது, நோக்கம்) எதை எதை முன்னோர் தொட்டார்கள் என்று தேடிக்கொண்டே அந்த வரலாற்றைச் சொல்கிறார். அந்தச் சட்டகத்துக்குள் அடங்காதது விடுபட்டிருக்கலாம். எந்த வரியைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: யார், எத்தனை காலம் கழித்து, எதற்காக இதை எடுத்தாண்டார்?

கேள்வி: "ஒரே ஆற்றில் இருமுறை இறங்க முடியாது" என்பது ஹெராக்ளிட்டஸ் சொன்னதுதானே?

பதில்: அந்த வடிவில் அதை நமக்குத் தருபவர் பிளேட்டோ, 'கிராட்டிலஸ்' என்ற உரையாடலில் (402a; இந்த எண்முறை அடுத்த பதிலில்). பல நூற்றாண்டுகள் பிற்பட்ட எழுத்தாளர் புளூட்டார்க்கும் அதை ஒட்டியே எழுதுகிறார். ஹெராக்ளிட்டஸின் சொந்த நடைக்கு நெருக்கமானது என்று ஆய்வாளர் பலர் ஏற்பது வேறொரு துண்டு: ஒரே ஆறுகளில் இறங்குவோர் மீது வேறு வேறு நீர் பாய்கிறது. இரண்டும் ஒன்றல்ல. பிளேட்டோ தரும் வடிவத்தில் எதுவும் நிலைப்பதில்லை. துண்டிலோ ஆறு அதே ஆறாகவே இருக்கிறது; நீர் மாறிக்கொண்டே இருப்பதால்தான் அது ஆறாக நீடிக்கிறது. மாற்றமே நிலைப்பின் காரணம் என்ற எண்ணம், எதிர்நிலைகள் ஒன்றையொன்று தாங்குகின்றன என்ற அவருடைய மற்றத் துண்டுகளோடும் பொருந்துகிறது.

இந்தத் திரிபுக்கு ஒரு வழித்தடமும் உண்டு. ஒருமுறைகூட இறங்க முடியாது என்று சொன்னவர், ஹெராக்ளிட்டஸின் வழிவந்த கிராட்டிலஸ்; பிளேட்டோவின் அந்த உரையாடலுக்குப் பெயர் தந்தவர். இளம் பிளேட்டோ அவரோடு பழகியவர். இரண்டு செய்திகளையும் அரிஸ்டாட்டில் பதிவு செய்திருக்கிறார். சீடரின் தீவிரம் ஆசானின் வாக்கியத்தில் கலந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கேள்வி: நூல்களில் "22 B 12" என்று போடுகிறார்களே, அது என்ன?

பதில்: சாக்ரடீஸுக்கு முந்தைய தத்துவவாதிகளின் துண்டுகளை ஹெர்மன் டீல்ஸ் 1903-இல் வெளியிட்டு, பின்னர் வால்தர் கிரான்ஸ் திருத்திய தொகுப்பின் எண். 22 ஹெராக்ளிட்டஸுக்கான இயல். A என்றால் அவரைப் பற்றிப் பிறர் சொன்னது. B என்றால் அவருடைய சொற்களாகவே கொள்ளப்படுவது. முன் சொன்ன ஆற்றுத் துண்டு B 12. A-வை மேற்கோள் குறிக்குள் போடுவதுதான் மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை. 402a போல பிளேட்டோவுக்குத் தருவது 1578-இல் வந்த ஸ்டெஃபானுஸ் பதிப்பின் பக்க எண். அரிஸ்டாட்டிலுக்கு 1831-இல் வெளிவரத் தொடங்கிய பெக்கர் பதிப்பின் எண். இவை விளிம்பில் இல்லாத மொழிபெயர்ப்பை வாங்காதீர்கள். பிறர் காட்டும் இடத்தை அதில் கண்டுபிடிக்கவே முடியாது.

கேள்வி: "எனக்கு எதுவும் தெரியாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்" என்று சாக்ரடீஸ் சொன்னாரா?

பதில்: பிளேட்டோவில் இந்த வாக்கியம் இல்லை. 'அப்பாலஜி' 21d-யில் அவர் சொல்வது அடக்கமானது: எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று நான் எண்ணுவதில்லை. அதே நூலில் (29b) அநீதி செய்வது தீது என்று தெரியும் எனவும் சொல்கிறார்.

கேள்வி: அகிலீஸ்-ஆமைப் புதிர் சொன்ன ஜீனோதான் ஸ்டோயிக் பள்ளியைத் தொடங்கியவரா?

பதில்: இல்லை. வேகமாக ஓடும் அகிலீஸ் முன்னே செல்லும் ஆமையை எட்டவே முடியாது என்று வாதிட்ட புதிர்க்காரர் தென் இத்தாலியின் எலியா ஊர்க்காரர், கி.மு. 5-ஆம் நூற்றாண்டு. மற்றவர் சைப்ரஸின் கிட்டியம் ஊர்க்காரர், கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸில் கற்பித்தவர்.

கேள்வி: அரிஸ்டாட்டில் வாசிக்க ஏன் இவ்வளவு வறட்சி?

பதில்: அவர் வெளியுலகுக்காக எழுதிய உரையாடல்கள் தொலைந்துவிட்டன. எஞ்சியவை பெரும்பாலும் பள்ளிக்குள் பயன்பட்ட பாடக் குறிப்புகள். அதனால் சுருக்கம், தாவல், கூறியது கூறல் எல்லாம் இருக்கும். 'மெட்டாபிசிக்ஸ்' முதல் பாகத்தை வரலாற்றுக்காகப் படியுங்கள். ஏழாம் பாகத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். 'நிக்கோமாக்கிய அறவியல்' 1, 2 பாகங்களோடு, நட்பைப் பேசும் 8, 9 பாகங்களையும் முதலில் எடுங்கள். பத்தி பத்தியாக நின்று, எதை மறுக்கிறார், எந்தக் காரணத்தால் மறுக்கிறார் என்று ஒரு வரி எழுதிக்கொண்டே போனால் நூல் பிடிபடும்.