ஓடிடி இருக்கும்போது காமெடித் தொடர், சண்டைப் பட டிவிடிகளைச் சேர்த்து வைத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றாலே வீட்டில் யாரோ அலமாரியைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள் என்று புரிகிறது. எங்கள் வீட்டில் வருடா வருடம் தீபாவளி ஒட்டடை அடிக்கும்போது வரும் பேச்சுதான். தூக்கிப் போடாதீர்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், "அந்தக் காலத்துல எல்லாம்" என்று ஆரம்பிக்கிற ஆள் இல்லை நான். ஓடிடிக்கு ஒழுங்காகச் சந்தா கட்டுகிறேன். வீடியோ கேசட் போட்டுப் பார்க்கும் டெக்கை வாடகைக்கு எடுத்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு ஏறிப் படம் முழுக்கக் கோடு ஓட, சித்தப்பா சட்டைப் பையிலிருந்து சலவை நோட்டை எடுத்து ஹெட்டைத் துடைத்த காலம் திரும்பி வரவே வேண்டாம்.

ஆனால் ஜாக்கி சான் படத்தை நீங்கள் டிவிடியில்தான் பார்க்க வேண்டும். என் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர், ஆங்கிலம் தெரியாது. 1985-ல் வந்த 'போலீஸ் ஸ்டோரி'யைப் போட்டேன். கடைசியில், ஹாங்காங் ஷாப்பிங் மால் ஒன்றில், சீரியல் பல்பு சுற்றிய கம்பத்தைப் பிடித்து மேல்மாடியிலிருந்து ஜாக்கி சறுக்கி இறங்குவார். பல்புகள் பொரிப்பொரியாக வெடிக்கும், கீழே கண்ணாடிக் கூரை நொறுங்கும். அந்த ஒரு குதியையே வேறு வேறு கோணத்தில் மறுபடி மறுபடி காட்டுவார்கள். அது போதாதென்று அப்பா ரிமோட்டை வாங்கி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். "டூப்பு இல்லடா. மூஞ்சி தெரியுது பாரு." பல்புகளுக்குக் கட்டடத்தின் மின்சாரத்தையே கொடுத்துவிட்டார்கள், ஜாக்கியின் கை வெந்து போனது என்று பிறகு படித்துச் சொன்னேன். "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார்.

அப்பாவுக்கு அதைவிடப் பிடித்தது படம் முடிந்து எழுத்து ஓடும்போது வருகிற பகுதி. தவறிப்போன டேக்குகள், அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் அங்கேதான் வரும். போன வருடம் என் பெண்ணுக்கு ஓடிடியில் வேறொரு ஜாக்கி படம் போட்டேன் (எந்த ஓடிடி என்பது வேண்டாம்). எழுத்து தொடங்கியதும் படம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி மூலைக்குப் போனது. "அடுத்து இதைப் பாருங்கள்" என்று வேறு ஏதோ ஓட ஆரம்பித்துவிட்டது. அதை செட்டிங்ஸில் மாற்றலாம் என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். தெரியும். ஒவ்வொரு தடவையும் நான் ஏன் மாற்ற வேண்டும்?

காமெடிக்கும் இதே கதைதான். 'மிஸ்டர் பீன்' டிவியில் வந்தது 14 பாகம். அவர் சலூனில் புகுந்து வருகிறவர்கள் தலையைக் குதறும் பாகம் 1995-ல் வீடியோ கேசட்டுக்கென்றே எடுத்தது. பிரிட்டன் டிவியில் அது வந்ததே 2006-ல்தான். டிவிடியாக வைத்திருந்தால்தான் இப்படிப்பட்டதெல்லாம் கையில் இருக்கும். பல நாட்டுக்காரர்கள் லண்டனில் ஒரே வகுப்பில் ஆங்கிலம் கற்கும் 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரும் என்னிடம் இருக்கிறது. அதில் நாட்டுக்கு நாடு கேலி இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தக் காரணத்துக்காகவே 1979-ல் நிறுத்தினார்கள். இருந்தாலும் அந்த வகுப்பு மாணவர்கள் ரஞ்சித் சிங்கும் அலியும் பேச ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. எதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதை நான் முடிவு செய்துகொள்கிறேன்.

திருட்டு விசிடிக் கும்பல் என்று என்னைத் திட்ட வேண்டாம். மோசர் பேர் கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று ஒரிஜினலாகவே விற்ற காலத்தில் வாங்கியவைதான் பாதிக்கு மேல்.

வீடியோ என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சல். என் தங்கை கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர் தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டார். நாலு மூலையிலும் சிவப்பு இதயம் பறக்கிறது. வந்தவர்களை வரவேற்று அப்பா பேசிய பேச்சில் வாய் மட்டும் அசைகிறது, அதற்கும் பாட்டுதான். ஒரிஜினல் கேசட்டையாவது கொடுங்கள் என்று போய் நின்றால், "அதுல வேற கல்யாணம் எடுத்துட்டோம் சார்." முழுப் பணம் வாங்கிக்கொண்டுதான் இதைச் செய்தார். இப்போது ட்ரோன் விட்டு எடுக்கிறவர்களும் அதே பாட்டைத்தான் போடுகிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இடம்தான் பிரச்சினை என்றால் பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழித்துவிட்டு, டிவிடி தட்டுகளை உறை போட்ட ஆல்பத்தில் செருகுங்கள், பாதி அலமாரி காலியாகிவிடும். துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். புது டிவிகள் பலவற்றில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர் செருக ஓட்டையே கிடையாது, அதனால் எச்டிஎம்ஐ உள்ள பிளேயராகப் பார்த்து வாங்குங்கள். லண்டன் சொந்தக்காரர்கள் டிவிடி அனுப்பினால், எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று காட்டும் ரீஜன் நம்பரைப் பாருங்கள். அங்கே 2, நமக்கு 5. இரவல் கேட்டு வருகிறவர்களிடம் எல்லாத் தட்டிலும் கீறல் விழுந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.