கடலூர் சிப்காட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆண், பெண் ஊழியர்களிடையே பேச்சு சரியாக நடக்கவில்லை, என்ன செய்யலாம்?

முதலில் முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன என்று பாருங்கள். பல இடங்களில் அது கேட்டுக்கு வெளியே டீக்கடையில், ஆண்கள் மட்டும் நிற்கும்போது நடந்துவிடுகிறது. பெண்களுக்கு மறுநாள்தான் தெரியும். பிறகு "அவங்க எதுவும் சொல்றதில்லை" என்று குறை வேறு! ஷிப்ட் தொடங்கியதும் 10 நிமிடம் நின்றபடியே பேசி, முடிவை அப்போதே குரூப்பில் போடுங்கள். மாலைக் கூட்டம் வேண்டாம். பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் பாதியில் எழுந்து போவார்கள்.

ஆணுக்கு "சார்", அதே பதவியில் உள்ள பெண்ணுக்கு "ஏம்மா" என்பதை நிறுத்துங்கள். எந்த விளிப்பானாலும் இருவருக்கும் ஒன்றே.

ஷிப்ட் மாறும்போது மெஷின் எண், பழுது, செய்தது, பாக்கி நான்கையும் லாக்புக்கில் எழுதி, இருவரும் கையெழுத்திடட்டும். வாய்வார்த்தையாகச் சொன்னால் "சொன்னேன்", "சொல்லலை" சண்டைதான் மிஞ்சும்.

வம்பு வருமோ என்ற பயத்தில் பெண் ஊழியரின் தவறை வேறொரு பெண் மூலம் சொல்லி அனுப்புவது மிக மோசமான பழக்கம். செய்தி திரிந்துவிடும், அவமானமும் சேரும். பிறர் பார்வை படும் இடத்தில், நேராக, வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

இடையில் குறுக்கிடுபவரிடம் "அவங்க முடிக்கட்டும்" என்றால் போதும்.

சீண்டல், ஆபாசப் பேச்சு என்றால் அது கருத்து வேறுபாடு அல்ல, பஞ்சாயத்து பேசாதீர்கள். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இப்புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். புகாரை பொதுவாக 3 மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். சிறிய பட்டறை என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.