நான்கு மாத நர்ஸின் நடுங்கும் கை

கேள்வி: குலசேகரம் பக்கம் என் ஊர். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் எண்பது வயதுத் தாத்தா ஒருவருக்கு மூன்று தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. 'வேலை தெரிஞ்ச நர்ஸைக் கூப்பிடு' என்று அவர் மகன் வார்டே கேட்கும்படி கத்தினார். பஸ்ஸில் வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். இப்போது ஊசியைத் தொட்டாலே கை நடுங்குகிறது. சீனியர்களிடம் கேட்டால், 'நாலு வருஷம் என்ன படிச்சே?' என்பார்களோ என்று பயம். சித்தி மகள் சவுதியில் நர்ஸ். நானும் அப்படிப் போவேன் என்று வீட்டில் காத்திருக்கிறார்கள். இந்த வேலை எனக்குச் சரிப்படாதோ?

பதில்: மகளே, உன் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது ஒரே ஒரு வரிதான். சீனியரிடம் கேட்கப் பயம் என்கிறாயே, அது. கை நடுக்கம் பழகப் பழகக் குறைந்துவிடும். கேட்கக் கூச்சப்படும் பழக்கம் தங்கிவிட்டால் ஒருநாள் அது நோயாளிக்கு ஆபத்தாக முடியும்.

முப்பது வருஷத்துக்கும் மேல் வார்டில் நின்றவள் நான். சேர்ந்த புதிதில், ஒரு நைட் டியூட்டியில், கேஸ் ஷீட்டில் இருந்த டோஸ் அதிகமாகத் தோன்றியது. டாக்டரை எழுப்பப் பயம், சீனியரிடம் கேட்க வெட்கம். ஒரே வெப்ராளம். மருந்தை எடுத்தே விட்டேன். அந்த நேரம் சீனியர் அக்கா இன்சுலின் சிரிஞ்சோடு வந்து, "மக்ளே, நான் எடுத்தது சரிதானான்னு ஒருக்கா பாரு" என்று நீட்டினார். இருபது வருஷ அனுபவக்காரி, மூன்று மாதம் ஆன என்னிடம்! குப்பியில் மில்லிக்கு 40 யூனிட் என்றிருக்கிறதா, சிரிஞ்சும் அதே 40 அளவுதானா, எந்தப் படுக்கை என்று இருவருமாகப் பார்த்தோம். அப்புறம்தான் எனக்கு வாய் வந்தது. என் கையில் இருந்ததைக் காட்டினேன். 2.5 என்று எழுதியதில் புள்ளி மங்கி, 25 என்று தெரிந்திருக்கிறது. அக்கா திட்டவில்லை. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, அவர் சொன்னதைத் திரும்பப் படித்துக் காட்டி, அதன் பிறகே கொடுக்கச் சொன்னார். அன்று முதல் கேட்பதற்கு நான் வெட்கப்பட்டதில்லை.

இனி அந்தத் தாத்தா விஷயம். மூன்றாம் முறை நீ குத்தியிருக்கக் கூடாது. இரண்டு தடவை முயன்றும் கிடைக்கவில்லையென்றால் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். வயதானவர்களின் நரம்பு மெலிதாக இருக்கும், விரல் பட்டாலே நழுவும். அவசரத்துக்கு ரத்தமோ வேகமாக நிறைய திரவமோ ஏற்ற வேண்டியிராவிட்டால், நீல நிற 22 கேஜ் என்கிற மெல்லிய ஊசி போதும். கையைச் சற்று நேரம் கீழே தொங்கப் போடு, வெதுவெதுப்பான துணியால் சுற்று. குத்துமுன் கையில் கட்டும் பட்டையை, அதாவது டூர்னிக்கேயை, இறுக்கிக் கட்டினால் மெலிந்த நரம்பு வெடித்துவிடும். கீழ்ப்பக்கம் தோலை இழுத்துப் பிடித்து, ஊசியை நன்றாகச் சாய்த்து நுழை. குத்துவதற்கு முன்பே, "தாத்தாவுக்கு நரம்பு மெலிசா இருக்கு, எனக்குக் கிடைக்கலேன்னா வேற சிஸ்டரைக் கூப்பிடுறேன்" என்று மகனிடம் சொல்லிவிடு. அவர் கத்தியதும் அப்பாவுக்கு வலிக்கிறதே என்ற பதற்றத்தில்தான்.

நாளைக்கே சீனியரிடம் போய், "அடுத்த ஐந்து பேருக்கு நான் குத்துறேன்க்கா, பக்கத்துல நில்லுங்க" என்று கேள். ஒருவர் முகம் சுளித்தால் இன்னொருவரிடம் கேள். பாக்கெட்டில் சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள். மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப்ஸ் செட்டில், 500 மில்லி 8 மணி நேரத்தில் ஏற நிமிடத்துக்கு 21 சொட்டு என்பது போன்ற கணக்குகளை அதில் எழுது. நடுராத்திரியில் மூளை ஓடாத நேரத்தில் அதுதான் கை கொடுக்கும்.

செவிலியர் எப்படித் தேர்ச்சி பெறுகிறார் என்று ஆராய்ந்த பாட்ரிசியா பென்னர், ஒரே வகைப் பிரிவில் இரண்டு மூன்று வருடம் நின்ற பிறகே ஒருவர் தன்னளவில் திறமையானவர் ஆகிறார் என்று 1984-இல் எழுதினார். உனக்கு ஆனது நான்கே மாதம். நெய்யூரில் 1838-லேயே மிஷன் மருத்துவம் தொடங்கிய மாவட்டம் நம்முடையது. எந்தத் தெருவில் திரும்பினாலும் வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண்ணைக் காட்டி ஒப்பிடுவார்கள். வளைகுடாவிலும் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல். பஸ்ஸில் அழுததையும் சேர்த்துச் சொல். தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள். சீனியர் யாருமே இல்லாமல் புதியவர்களை மட்டும் நைட்டில் விட்டுவைக்கும் இடம் என்றால், குறை உன் மீது இல்லை. வேறு இடம் தேடு. அடுத்த வேலை உறுதியான பிறகு ராஜினாமா கொடு. ஒரிஜினல் சான்றிதழ்கள் அவர்களிடம் இருந்தால் அவற்றையும், அனுபவச் சான்றிதழையும் கையில் வாங்காமல் வெளியே வராதே.