‘இல்லை’ என்று டிக் அடிக்கச் சொல்கிறார் விசா ஏஜென்ட்

கேள்வி: எனக்கு 46 வயது. 27 வயதில், உடன் வேலை பார்த்த ஒருவருடன் வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பாகிவிட்டது. அடித்துக் காயப்படுத்தியதாக வழக்குப் போட்டார்கள். குற்றவாளி என்று தீர்ப்பாகி, அபராதத்தோடு மூன்று மாதச் சிறையும் விதித்தார்கள். சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்ததால் உள்ளே போகவில்லை. அப்புறம் இன்று வரை எந்த வம்புக்கும் போனதில்லை. மகள் கனடாவில் படிப்பை முடிக்கிறாள். பட்டமளிப்பு விழாவுக்குப் போய்விட்டு, அமெரிக்காவில் இருக்கும் தம்பியையும் பார்த்து வர ஆசை. “19 வருஷம் ஆச்சு, யார் தோண்டிப் பார்க்கப் போறாங்க? இல்லைன்னு டிக் அடிச்சிடலாம்” என்கிறார் விசா ஏஜென்ட். மகளுக்கு இந்த வழக்கு பற்றித் தெரியாது. என்ன செய்வது?

பதில்: அந்த ஏஜென்ட் சொல்வதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். உங்கள் பழைய தண்டனையால் வரக்கூடிய சிக்கலுக்குப் பெரும்பாலும் வழி உண்டு. பொய் சொல்லி மாட்டினால் வரும் சிக்கல் அதைவிடப் பல மடங்கு பெரியது. விண்ணப்பத்தில் உண்மையை மறைத்தால் கனடா ஐந்து வருடம் உள்ளே விடாது. அமெரிக்காவில் அந்தத் தடைக்குக் காலவரையே இல்லை. தனியாக விலக்குக் கேட்டு வாங்கினால்தான் உண்டு. டிக் அடித்தது ஏஜென்ட் என்றாலும் கையெழுத்து உங்களுடையது, தடையும் உங்கள் பெயரில்தான் விழும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் விசா விண்ணப்பதாரர்களின் கைரேகையைத் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கின்றன. ஒரு நாட்டுக்கு ஒரு பதில், இன்னொன்றுக்கு வேறு பதில் என்று சமாளிக்கவும் முடியாது.

கனடா விண்ணப்பம் ‘எந்த நாட்டிலாவது, எப்போதாவது’ கைது, வழக்கு, தண்டனை உண்டா என்று கேட்கிறது. எத்தனை வருடம் ஆனாலும் உங்கள் பதில் ‘ஆம்’தான். பிறகு அவர்கள் பார்ப்பது உங்களுக்குக் கிடைத்த மூன்று மாதத்தை அல்ல. அதே செயலைக் கனடாவில் செய்திருந்தால் அங்கே அது என்ன குற்றம், அதற்கு அதிகபட்சத் தண்டனை எவ்வளவு என்பதைத்தான் பார்ப்பார்கள். உங்கள் விஷயம் முழுவதும் இந்த இடத்தில்தான் தொங்குகிறது.

வெறும் அடிதடி என்றால் அங்கே அதிகபட்சம் 5 வருடம். அந்த வகையில் ஒரே ஒரு குற்றம் இருந்து, தண்டனை முழுவதும் முடிந்து பத்து வருடம் கடந்திருந்தால், திருந்தியவராகச் சட்டமே உங்களைக் கருதிவிடும். தனி மனு வேண்டாம். ஆனால் கம்போ கட்டையோ எடுத்து அடித்திருந்தால், அல்லது எலும்பு முறிவு போலச் சட்டென்று ஆறாத காயம் பட்டிருந்தால், கணக்கு மாறிவிடுகிறது. அதற்கு அதிகபட்சம் 10 வருடம். அது கடுமையான குற்றம் என்ற பிரிவில் போய் விழும். அங்கே எத்தனை வருடம் ஓடினாலும் தானாக எதுவும் சரியாகாது. நீங்களே மனுப் போட்டு, திருந்தியவர் என்று அங்கீகாரம் வாங்க வேண்டும். தண்டனை முடிந்து ஐந்து வருடம் ஆனவர்கள் அதைக் கேட்கலாம், உங்களுக்கும் அந்தத் தகுதி உண்டு. அது கையில் வர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். விழா அதற்கு முன்பே வந்துவிட்டால் தற்காலிகத் தங்கும் அனுமதி கேட்கலாம். வருவதற்கு வலுவான காரணம் இருக்கிறதா, உங்களால் அங்கே யாருக்காவது ஆபத்து உண்டா என்று அதிகாரி எடைபோட்டு முடிவு செய்வார். மகளின் பட்டமளிப்பு நல்ல காரணம்தான், ஆனாலும் கிடைத்தே தீரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆக, அன்று அவருக்கு என்ன காயம், கையில் என்ன இருந்தது? உங்கள் நினைவில் இருப்பதைவிடத் தீர்ப்பில் எழுதியிருப்பதுதான் கணக்கு. தீர்ப்பின் சான்றிட்ட நகல், குற்றப்பத்திரிகை, அபராதம் கட்டிய ரசீது மூன்றையும் எடுங்கள். பழைய வழக்குக் கட்டு அழிக்கப்பட்டிருந்தால், ஆவணம் இல்லை என்று நீதிமன்றத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழும் வேண்டும். இவற்றோடு ஒரு பக்கத்தில் விளக்கக் கடிதம். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எதிராளி மீது பழி போட்டு எழுதிய கடிதம் எந்த அதிகாரியிடமும் எடுபடாது.

அமெரிக்காவின் பார்வை வேறு. ‘ஒழுக்கக்கேடு கலந்த குற்றமா’, அதாவது மோசடி, திருட்டு, கெட்ட எண்ணத்தோடு செய்த கொடுமை போன்றதா என்று பார்ப்பார்கள். ஆயுதம் இல்லாத சாதாரணக் கைகலப்பு பொதுவாக அதில் வராது. வந்தாலும் சிறு குற்றத்துக்கு விதிவிலக்கு இருக்கிறது: வாழ்நாளில் அப்படி ஒரே ஒரு குற்றம், உங்களுக்குத் தண்டனை கொடுத்த சட்டப்பிரிவில் அதிகபட்சம் ஒரு வருடத்துக்கு மிகாத சிறை, உங்களுக்கு விதித்தது ஆறு மாதத்துக்கு மேல் போகாதது. நிறுத்தி வைத்த சிறையையும் அவர்கள் விதித்த தண்டனையாகவே எண்ணுவார்கள். உங்களுடையது மூன்று மாதம் என்பதால் அந்தப் பக்கம் கவலையில்லை. பிரிவின் அதிகபட்சத்தை மட்டும் தீர்ப்பில் பாருங்கள். அங்கும் விண்ணப்பத்தில் ‘ஆம்’தான். மன்னிப்புக் கிடைத்த குற்றமாக இருந்தாலும் சொல்ல வேண்டும் என்று கேள்வியிலேயே இருக்கிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு நாட்டுக்கும் அளவுகோல் வேறு. ஆஸ்திரேலியாவில் மொத்தம் 12 மாதமோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டிருந்தால் நன்னடத்தைச் சோதனையில் தேற முடியாது. ஜப்பானில் ஒரு வருடச் சிறை என்றாலே தடை. அங்கே போதைப்பொருள் வழக்கில் தண்டனை என்றால் அபராதத்தோடு முடிந்திருந்தாலும் தடைதான். மேல்முறையீட்டில் விடுதலையானவர்களுக்குத் தண்டனை என்பதே கிடையாது. ஆனாலும் கைது பற்றிக் கேட்டால் அதைச் சொல்லி, விடுதலைத் தீர்ப்பை இணைக்க வேண்டும்.

உங்கள் பயணத்துக்கு வருவோம். முதலில் கனடா விசாவை முடியுங்கள். டிக்கெட்டை இப்போதே போட்டுவிடாதீர்கள். போடும்போது அமெரிக்கா வழியாக மாறிப் போகும் விமானம் வேண்டாம். விமான நிலையத்தைத் தாண்டாவிட்டாலும் அங்கே விசா தேவைப்படும்.

மகள் விஷயம் சட்டக் கேள்வி இல்லை, ஆனாலும் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். உங்கள் விண்ணப்பத்தில் இருப்பதை கனடா அரசு அவளுக்குத் தெரிவிக்காது. ஆனால் அழைப்புக் கடிதம் எழுதப்போவது அவள்தான், ஆன்லைனில் படிவம் நிரப்ப உதவுவதும் அநேகமாக அவளாகத்தான் இருக்கும். ‘குற்ற வழக்கு உண்டா’ என்ற கேள்வி வரும்போது அவள் பக்கத்தில் இருப்பாள். அதற்கு முன்னால் நீங்களே போனில் சொல்லிவிடுங்கள். நகல் கேட்டு நீதிமன்றத்தில் மனுவை இந்த வாரமே கொடுங்கள். பழைய கட்டைத் தேடி எடுக்க அவர்களுக்கே நாள் பிடிக்கும்.