ஆட்டிசத்துக்கு ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை பலன் தருமா?

மூடிய அறைக்குள் காற்றழுத்தத்தை ஏற்றி ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பதுதான் இந்தச் சிகிச்சை. பலன் தரும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. 2009-இல் 62 குழந்தைகளிடம் 1.3 வளிமண்டல அழுத்தம், 24% ஆக்சிஜன், 40 அமர்வுகள் என்று செய்த ஆய்வு முன்னேற்றம் காட்டியது. கணக்குப் போட்டால் அது சாதாரண அழுத்தத்தில் 31% ஆக்சிஜன்தான். அதற்கு ஓர் ஆக்சிஜன் மாஸ்க் போதும்! தாய்லாந்தில் 60 குழந்தைகளுக்கு 1.5 அழுத்தத்தில் தூய ஆக்சிஜன் கொடுத்தும், போலிச் சிகிச்சை (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நிஜம் போலவே செய்துகாட்டுவது) பெற்றவர்களைவிடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இந்தச் சிகிச்சையில் அடிக்கடி வரும் தொல்லை காதில்தான். அழுத்தம் ஏறும்போது எச்சில் விழுங்கினால் நடுக்காதுக்குள் காற்று போய்ச் சமமாகும். சளி பிடித்திருந்தால் அந்த வழி அடைத்து, செவிப்பறை உள்வாங்கும், இரத்தம் கட்டும். பேசாத குழந்தையால் 'காது வலிக்குது' என்று சொல்ல முடியாது. முகம் சுளித்தாலே அழுத்தம் ஏற்றுவதை நிறுத்த வேண்டும். ஆக்சிஜன் நிறைந்த அறைக்குள் பேட்டரி பொம்மையும் கூடாது, தீப்பிடிக்கும்.